பெஞ்சில் இருந்த பையன்



இன்று மாலை நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், தொழில்முறை ரக்பி லீக்கில் ஓர் இளம் ஆட்டக்காரனின் தொடக்க ஆண்டுகள். தலைப்பைக் கேட்டதுமே சில நெற்றிகள் சுருங்குவதைப் பார்க்கிறேன். தமிழ்க் கூட்டத்தில் ரக்பி லீக்கா? கம்பன் இருக்கிறான், வள்ளுவர் இருக்கிறார், இவருக்கு வேறு பொருள் கிடைக்கவில்லையா? கேள்வி நியாயமானது. ஆனால் நாம் கூடியிருப்பது ஹோம்புஷில். ரயில் நிலையத்தடியில் தமிழ்க் கடையில் வெண்டிக்காயும் முருங்கைக்காயும் வாங்குகிறோமே, அங்கிருந்து காரில் சில நிமிடங்கள் போனால் ஒலிம்பிக் மைதானம். ஆண்டுதோறும் பருவத்தின் இறுதி ஞாயிறன்று 80,000 பேர் அங்கே கூடுகிறார்கள். தெருவெல்லாம் கார் நிற்கிறது என்று நாம் சலித்துக்கொள்ளும் அந்த நாள்தான். நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமை பேசுவது அந்த ஆட்டத்தைப் பற்றித்தான். பிள்ளைகள் பேசுவது என்னவென்று பெற்றோர் தெரிந்துகொள்வதில் தவறில்லை.

அப்படி ஒரு ஞாயிறு, 2004 அக்டோபர் 3. புல்டாக்ஸ் அணிக்கும் சிட்னி ரூஸ்டர்ஸ் அணிக்கும் இறுதி ஆட்டம். புல்டாக்ஸின் மாற்று ஆட்டக்காரர் பெஞ்சில் 21 வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். பெயர் ஜொனதன் தர்ஸ்டன். பின்னாளில் ஆஸ்திரேலியா முழுதும் கொண்டாடிய பெயர். அன்றைக்கு அந்த மைதானத்தில் இருந்த 80,000 பேரில் எத்தனை பேர் அவனைப் பார்க்க வந்திருப்பார்கள்? அவன் வீட்டார் வந்திருக்கலாம். அந்தப் பையனைப் பற்றித்தான் நான் பேசப்போகிறேன். அவர் இன்று பெரிய மனிதர். நான் சொல்வது அவர் பெரிய மனிதர் ஆவதற்கு முந்திய கதை. அதனால் அவன் என்றே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொழும்பிலும் கண்டியிலும் பள்ளிக்கூடங்களுக்கிடையே நீங்கள் பார்த்தது ரக்பி யூனியன். அதில் பக்கத்துக்கு 15 பேர். லீக்கில் 13 பேர். பந்தை முன்னால் எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். பந்து வைத்திருப்பவனை எதிரணி கட்டிப்பிடித்துக் கீழே விழுத்தும். கபடியில் பாடி வருபவனை நான்கு பேர் மடக்குவார்களே, அந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொண்டால் போதும். இப்படி விழுந்து எழுந்து ஆறு முறை வாய்ப்பு. ஆறுக்குள் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் ட்ரை, 4 புள்ளி. முடியவில்லையென்றால் பந்து மற்ற அணிக்குப் போய்விடும்.

இந்த ஆட்டம் பிறந்ததே ஒரு கூலிக் கணக்கில்தான். 1895இல் இங்கிலாந்தின் வடபகுதியில், ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்து விடுதி ஒன்றில், கிளப்புகள் கூடின. அந்த அணிகளில் ஆடியவர்கள் சுரங்கத் தொழிலாளிகள், ஆலைத் தொழிலாளிகள். சனிக்கிழமை வேலைக்குப் போகாமல் ஆடினால் அன்றைய கூலி போகும். அந்தக் கூலியை ஈடுசெய்ய வேண்டும் என்று வடக்குக் கிளப்புகள் கேட்டன. பணத்துக்கு ஆடுவது இழுக்கு என்று லண்டனில் இருந்த கனவான்கள் மறுத்தார்கள். கூலி போனால் அன்றைக்கு அடுப்பு எரியாத வீடு எப்படியிருக்கும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? வடக்குக் கிளப்புகள் பிரிந்துபோயின. சிட்னியிலும் அதே கதை. 1907இல் அலெக் பர்டன் என்ற ஆட்டக்காரர் காயப்பட்டு வேலைக்குப் போக முடியாமல் கிடந்தார். சங்கம் ஒரு காசு கொடுக்கவில்லை. அந்த ஆத்திரம் அடுத்த ஆண்டே 9 கிளப்புகளோடு ஒரு புதிய போட்டியாக உருவெடுத்தது. ஆகவே, இந்த விளையாட்டில் ஓர் இளைஞன் உடம்பை முதலாக வைத்துப் பிழைக்க வருகிறான் என்றால், அவன் ஒரு பழைய வழக்கின் வாரிசாக வருகிறான்.

சரி, நம் பையனிடம் வருவோம். 1983இல் பிரிஸ்பேனில் பிறந்தவன். பழங்குடி வழியில் வந்தவன். தாய்வழியில் குங்கரி மக்களைச் சேர்ந்தவன். சிறுவயதில் ஆடியது சவுத்ஸ் சன்னிபேங்க் என்ற பேட்டைக் கிளப்பில். பிறகு டூவூம்பாவில் பள்ளிப்படிப்பு. திறமை எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் கிளப்புகள் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை? ஒல்லி என்றார்கள். சின்ன உடம்பு, தாங்காது என்றார்கள். 100 கிலோவைத் தாண்டிய ஆட்கள் முழு வேகத்தில் ஓடிவந்து மோதும் ஆட்டத்தில் இவன் முறிந்துபோவான் என்றார்கள். சொந்த ஊரான பிரிஸ்பேனில் நாடறிந்த கிளப் இருந்தும், அவனுக்குக் கதவு திறந்தது சிட்னியில். நமக்குப் பக்கத்தில் இருக்கும் பெல்மோர்தான் புல்டாக்ஸின் பழைய மண். அங்கே வந்து சேர்ந்தான்.

ஒல்லி என்று சொன்னவர்கள் மூடர்களா? அப்படிச் சொல்லிவிட்டால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் நான் சொல்லமாட்டேன். இந்த ஆட்டத்தில் உடம்பு முக்கியம். 17 வயதில் தோள்பட்டை கழன்று, 19 வயதில் முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து, 20 வயதில் வேறு வேலை தேடிய பிள்ளைகள் உண்டு. தேர்வாளர்கள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அவர்கள் தவறியது வேறிடத்தில். அவன் ஆட வந்த இடம் ஹாஃப்பேக், சட்டை எண் 7. அந்த இடத்தில் நிற்பவனின் வேலை மோதுவது மட்டுமல்ல, முடிவெடுப்பது. ஐந்து முறை விழுந்தெழுந்தாகிவிட்டது, இன்னும் ஒரே வாய்ப்பு. எதிரே 13 பேர் வரிசை கட்டி நிற்கிறார்கள். உதைப்பதா, கொடுப்பதா, ஓடுவதா? இடப்பக்கமா, வலப்பக்கமா? தரையோடு உருட்டி விடுவதா, மூலைக்கு உயர்த்தி அடிப்பதா? இத்தனையும் ஒரு நொடிக்குள். அந்த நொடியை எந்தத் தராசில் நிறுப்பது? தராசு கையில் இருந்ததால் உடம்பை நிறுத்தார்கள். அவ்வளவுதான்.

சிட்னிக்கு வந்தான். கிளப் கிடைத்தது. இடம் கிடைத்ததா?

இதைப் பெற்றோர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். கிளப்பில் சேர்வது வேறு, அணியில் இடம் பெறுவது வேறு. இன்றைய கணக்கைச் சொல்கிறேன். முதல்தரப் போட்டியில் 17 கிளப்புகள். ஒவ்வொன்றிலும் முதன்மைப் பட்டியலில் 30 பேர். வாரத்துக்கு ஓர் ஆட்டம். அதில் களம் காண்பவர்கள் 17 பேர். மீதி 13 பேரும் அதே பயிற்சி, அதே ஓட்டம், அதே வலி. ஆட்ட நாளில் மட்டும் சட்டை கிடையாது. கீழ்த்தர அணியில் ஆடப் போவார்கள். வெளியே கேட்கிறவர்களுக்கு அவர்களும் தொழில்முறை ஆட்டக்காரர்கள்தான். கல்யாண வீட்டில் உறவுக்காரர் கேட்பார்: தம்பி, உன்னை டிவியில் காணவில்லையே?

புல்டாக்ஸில் அப்போது ஹாஃப்பேக் ப்ரெண்ட் ஷெர்வின். அவருக்குப் பக்கத்தில் எண் 6இல் ப்ரெய்த் அனாஸ்டா. இருவருமே இளைஞர்கள், இருவருமே நன்றாக ஆடினார்கள். முன்னால் நிற்பவருக்கு வயதாகிவிட்டால் காத்திருப்பதில் அர்த்தம் உண்டு. தன்னைவிடச் சில வயதே மூத்தவன் முன்னால் நின்றால் எத்தனை வருடம் காத்திருப்பது? தர்ஸ்டன் 2002இல் முதல்தர ஆட்டத்தில் அறிமுகமானான். அந்த நாளில் ஒரு பருவத்துக்கு 24 ஆட்டம். மூன்று பருவத்துக்கு 72. அதற்குமேல் இறுதிச்சுற்று ஆட்டங்கள் வேறு. மூன்று பருவத்திலும் சேர்த்து அவன் ஆடியது 29.

அந்த 2002ஆம் ஆண்டே ஒரு விசித்திரமான ஆண்டு. புல்டாக்ஸ் தொடர்ந்து 17 ஆட்டம் வென்று பட்டியலின் உச்சியில் இருந்தது. ஆகஸ்டில் குட்டு வெளிப்பட்டது. இந்தப் போட்டியில் ஒரு கிளப் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. புல்டாக்ஸ் அந்த வரம்பை மீறிப் பணம் கொடுத்திருந்தது. 37 புள்ளிகளைப் பறித்தார்கள். 500,000 டாலர் அபராதம் போட்டார்கள். உச்சியில் இருந்த அணி கடைசி இடத்தில் போய் விழுந்தது. 19 வயதில் ஒரு பையன் முதன்முதலாகப் பெரிய சட்டை போடும் ஆண்டில், களத்தில் வென்றதைக் கணக்கர்கள் தோற்க வைப்பதைப் பார்க்கிறான். தொழில் என்றால் இதுவும்தான்.

ஆனால் அதே உச்சவரம்புதான் இளையவர்களுக்குக் கதவு. நட்சத்திரங்கள் ஐந்தாறு பேருக்குக் கொட்டிக் கொடுத்தபின் மிஞ்சுகிற தொகையில் பட்டியலை நிரப்ப வேண்டும். யாரை வைத்து நிரப்புவது? குறைந்த சம்பளத்துக்கு வருகிற பிள்ளைகளை வைத்துத்தான். இரக்கத்தால் எந்தக் கிளப்பும் இளைஞனை எடுப்பதில்லை. கணக்குச் சரிவர எடுக்கிறது. அவன் திறமை கணக்கைத் தாண்டும்போது வேறு கிளப் வந்து அதிக விலை சொல்கிறது. தர்ஸ்டனுக்கும் நடந்தது அதுதான்.

அதற்கு முன் அந்த இறுதி ஆட்டம்.

புல்டாக்ஸின் தலைவர் ஸ்டீவ் ப்ரைஸ். முன்வரிசையில் மோதும் பெரிய மனிதர். அந்தக் கிளப்பிலேயே ஆண்டாண்டுகளாக ஆடியவர். அந்தப் பருவத்தோடு நியூசிலாந்து வாரியர்ஸ் அணிக்குப் போகிறார் என்பதும் முடிவாகிவிட்டது. ஆகவே இதுதான் புல்டாக்ஸ் சட்டையில் அவருடைய கடைசி வாய்ப்பு. இறுதிக்கு முந்திய ஆட்டத்தில் முழங்காலில் அடி. இறுதியில் ஆட முடியாது. இத்தனை வருடம் சுமந்தவர் கரையோரம் நிற்கிறார். 29 ஆட்டப் பையன் பெஞ்சில் இருக்கிறான்.

இடைவேளையில் ரூஸ்டர்ஸ் 13, புல்டாக்ஸ் 6. எதிரணித் தலைவர் பிராட் ஃபிட்லருக்கு அதுவே கடைசி ஆட்டம். ஒரு பெரிய ஆட்டக்காரருக்கு வெற்றியோடு விடைகொடுக்க ஊரே தயாராக இருந்தது. புல்டாக்ஸ் பயிற்சியாளர் ஸ்டீவ் ஃபோக்ஸின் பிள்ளைகள் விடவில்லை. இரண்டாம் பாதியில் ரூஸ்டர்ஸுக்கு ஒரு புள்ளிகூட இல்லை. 16க்கு 13 என்று புல்டாக்ஸ் முன்னேறியது. கடைசிக் கணத்தில் ரூஸ்டர்ஸின் மைக்கல் குரொக்கர் கோட்டை நோக்கிப் பாய்ந்தபோது, ப்ரைஸுக்குப் பதில் தலைமை ஏற்ற ஆண்ட்ரூ ரயன் எட்டிப் பிடித்து வீழ்த்தினார். ஆட்டம் முடிந்தது. கிண்ணம் புல்டாக்ஸுக்கு.

வென்ற அணியில் ஆடிய ஒவ்வொருவருக்கும் ஒரு மோதிரம். இந்த விளையாட்டில் அதற்கு மேல் ஒன்றுமில்லை. பதினைந்து வருடம் ஆடி, எலும்பெல்லாம் முறிந்து, அந்த மோதிரத்தைத் தொடாமலே போனவர்கள் பலர். 21 வயதில் அது அவன் கைக்கு வந்தது. அவன் என்ன செய்தான் தெரியுமா? ஸ்டீவ் ப்ரைஸிடம் கொடுத்துவிட்டான்.

இதை நல்ல மனசு என்று மட்டும் சொல்லிக் கடந்துபோக எனக்கு இஷ்டமில்லை. அந்தப் பையனுக்கு ஒரு கணக்குத் தெரிந்திருந்தது. அணியை இறுதிவரை கொண்டுவந்தது யார், கடைசியில் ஏறிக்கொண்டது யார் என்ற கணக்கு. இன்னொரு மோதிரம் கிடைக்கும் என்பதற்கு அவனிடம் எந்த உத்தரவாதமும் இல்லை. அடுத்த மோதிரத்துக்கு அவன் 11 வருடம் காத்திருந்தான்.

காத்திருந்த ஊர் டவுன்ஸ்வில். பிரிஸ்பேனிலிருந்து 1,300 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே, கொதிக்கிற வெயில் ஊர். அங்கே நார்த் குயின்ஸ்லாந்து கௌபாய்ஸ் என்ற கிளப். 1995இல் போட்டிக்குள் வந்து அந்த ஆண்டே கடைசி இடம். 1997இல் கடைசி. 2000இல் மறுபடி கடைசி. பயிற்சியாளர் கிரஹாம் மரே வந்தபின்தான் நிமிரத் தொடங்கியது. 2004இல் முதன்முறையாக இறுதிச்சுற்றுகளை எட்டியது. சிட்னியில் ஜெயித்த அணியை விட்டுவிட்டு எந்தப் பையன் அங்கே போவான்? எண் 7 சட்டை கிடைக்கும் என்றால் போவான். தர்ஸ்டன் போனான்.

இங்கேதான் நான் சொல்லவந்த விஷயம் இருக்கிறது. ஓர் இளம் ஆட்டக்காரனுக்கு இரண்டு வீடு தேவைப்படுகிறது. ஒன்று, தன்னைவிடச் சிறந்தவர்களுக்கு நடுவே இருந்து பார்க்க விடுகிற வீடு. மற்றது, பந்தைக் கையில் கொடுத்து இனி உன் பாடு என்று சொல்லுகிற வீடு. புல்டாக்ஸ் முதலாவதைச் செய்தது, நன்றாகச் செய்தது. இரண்டாவதைச் செய்ய அங்கே இடமில்லை. பல பிள்ளைகள் முதல் வீட்டிலேயே வயதாகிப் போகிறார்கள். சிலர் முதல் வீட்டைப் பார்க்காமல் நேரே இரண்டாவதற்குப் போய் நொறுங்கிப் போகிறார்கள்.

2005 மே மாதம். குயின்ஸ்லாந்துக்கும் நியூ சவுத் வேல்ஸுக்கும் நடக்கும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின். 1980 முதல் நடக்கும் இந்தத் தொடரில் சொந்தக் கிளப் தோழனையே எதிரணியில் சந்திக்க வேண்டிவரும், மோதலில் தயவு தாட்சண்யம் கிடையாது. கௌபாய்ஸுக்குச் சில மாதங்கள் ஆடியதுமே தர்ஸ்டனைக் குயின்ஸ்லாந்து எண் 7இல் இறக்கியது. பிரிஸ்பேனில் முதல் ஆட்டம். பெரிய முன்னிலை பெற்ற குயின்ஸ்லாந்து அதை முழுதாகக் கோட்டைவிட்டது. ஆட்டம் முடிய நிமிடங்களே இருக்க, நியூ சவுத் வேல்ஸ் 20, குயின்ஸ்லாந்து 19.

இப்போது ஒரே ஒரு புள்ளி வேண்டும். ஒரு புள்ளிக்கு வழி ஃபீல்ட் கோல். ஓடுகிற ஆட்டத்திலேயே பந்தைக் கையிலிருந்து நழுவவிட்டு, அது தரையைத் தொட்டு எழும்புகிற அந்தக் கணத்தில் உதைத்து, இரண்டு கம்பங்களுக்கு நடுவே குறுக்குச் சட்டத்துக்கு மேலே அனுப்ப வேண்டும். நீள்வட்டப் பந்து. முனை தரையில் நேராகப் படாவிட்டால் எந்தப் பக்கம் எகிறும் என்று யாருக்கும் தெரியாது. உதைப்பதற்குள் எதிரணியினர் மூன்று பேர் கையை உயர்த்திக்கொண்டு மேலே விழ ஓடிவருவார்கள். அணித் தலைவர் டேரன் லாக்கியர் அங்கேயே இருந்தார், அனுபவசாலி, உலகறிந்தவர். அவரிடம் தள்ளிவிட்டிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். முதல் ஆட்டம் ஆடும் 22 வயதுப் பையன் தானே உதைத்தான். 20க்கு 20. பிறகு முதலில் புள்ளி பெறுபவர் வெல்லும் கோல்டன் பாயிண்ட். நியூ சவுத் வேல்ஸின் பாஸ் ஒன்றை மாட் போவன் இடையில் பறித்துக்கொண்டு ஓடினார். குயின்ஸ்லாந்து வென்றது.

கதை அங்கேயே இனிப்பாக முடிந்ததா? இல்லை. நியூ சவுத் வேல்ஸ் ஆண்ட்ரூ ஜான்ஸை மீண்டும் அழைத்துவந்தது. எண் 7 என்றால் என்ன என்று அந்த மனிதர் அடுத்த இரண்டு ஆட்டத்திலும் பாடம் நடத்தினார். தொடர் நியூ சவுத் வேல்ஸுக்குப் போனது. கிளப் பருவமும் அப்படியே. இறுதிக்கு முந்திய ஆட்டத்தில், பட்டியலில் முதலிடத்தில் இருந்த பரமட்டாவைக் கௌபாய்ஸ் 29க்கு 0 என்று நொறுக்கியது. வென்ட்வொர்த்வில்லிலிருந்து வந்திருக்கும் பரமட்டா அபிமானிகள் என்னை மன்னிக்க வேண்டும், நடந்ததைத்தான் சொல்கிறேன். ஆனால் இறுதியில் வெஸ்ட்ஸ் டைகர்ஸிடம் 30க்கு 16 என்று தோற்றது. அன்று சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றவர் டைகர்ஸின் ஹாஃப்பேக் ஸ்காட் பிரின்ஸ். அவர் தொழில்வாழ்வைத் தொடங்கிய கிளப் எது? இதே கௌபாய்ஸ்! டைகர்ஸின் இன்னொரு இளைஞன் பெஞ்சி மார்ஷல், 20 வயது. 2003இல் பள்ளி மாணவனாக இருக்கும்போதே முதல்தர ஆட்டத்துக்கு வந்தவன். ஒருவன் பள்ளிச் சீருடையிலிருந்து நேரே வந்தான். ஒருவன் மூன்று வருடம் பெஞ்சில் தேய்ந்தான். ஒருவனைப் பழைய வீடு போகவிட்டது. மூவரும் ஒரே நாளில், ஒரே புல்தரையில். இந்த வயதில் இதுதான் சரியான பாதை என்று யார் பிள்ளைக்கு அட்டவணை போட முடியும்?

அந்தப் பருவத்தின் முடிவில் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான டாலி எம் பதக்கம் தர்ஸ்டனுக்கு. 1908இல் போட்டி தொடங்கியபோது ஆடிய டாலி மெசஞ்சரின் பெயரில் தருவது. ஓராண்டுக்கு முன் பெஞ்சில் இருந்தவனுக்கு அது கிடைத்தது. பின்னர் 2007, 2014, 2015 என்று மேலும் மூன்று முறை பெற்றார். ஆரிஜின் தொடரில் இடைவிடாமல் 36 ஆட்டம் ஆடினார். முறிந்துபோவான் என்றார்களே, அந்த உடம்புதான். 2015இல் கௌபாய்ஸுக்கு முதல் கிண்ணம், 17க்கு 16. அந்தக் கடைசி ஒரு புள்ளியும் அவர் காலிலிருந்து போன ஃபீல்ட் கோல்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று தள்ளப்பட்ட நூறு பிள்ளைகளில் தர்ஸ்டன் ஆகிறவன் ஒருவன்கூட இல்லாமல் போகலாம். ஜெயித்தவனைக் காட்டி, நீயும் விடாமல் முயன்றால் வருவாய் என்று மேடையில் சொல்வது சுலபம். அது பொய்யாகவும் போகலாம். கீழ்த்தர அணியிலேயே மூன்று வருடம் ஆடி, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல், 23 வயதில் மின்வேலை கற்கவோ லாரி ஓட்டவோ போன பிள்ளைகள்தான் அதிகம். அவர்களைத் தோற்றவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஒவ்வொரு வாரமும் முதலணிக்குப் பயிற்சி கொடுத்தது அவர்கள் தோளும் முழங்காலும்தான்.

இந்த மண்டபத்தில் வார இறுதிகளில் பிள்ளைகளின் கழகங்களுக்குத் தொண்டு செய்கிறவர்கள் பலர் இருக்கிறீர்கள். கிரிக்கெட், உதைபந்து, வலைப்பந்து, எதுவாகவும் இருக்கட்டும். அடுத்த பருவத்துக்குத் தேர்வு வைக்கும்போது 14 வயதுப் பிள்ளையின் உயரத்தைப் பார்த்துப் பட்டியல் போடாதீர்கள். ஆட விட்டுப் பாருங்கள். வேண்டாம் என்று முடிவெடுத்தால் அந்தப் பிள்ளையை நேரில் கூப்பிட்டுக் காரணத்தைச் சொல்லுங்கள். அடுத்த வருடம் மறுபடி வா என்றும் சொல்லுங்கள். வந்தால், போன வருடத்துக் குறிப்பை எடுத்துப் பார்க்காமல் புதிதாகப் பாருங்கள்.